அவசரம்: ஹைவேயில் மைலேஜ் கிடைக்க எந்தக் கிரவுன் பினியன் போடலாம்?

மண்சாலை77 – வெள்ளி இரவு 11.20
வணக்கம். டாப் கியரில் 80ஐத் தாண்டினால் இன்ஜின் கத்துகிறது. மைலேஜ் லிட்டருக்கு 9தான். பின் ஆக்சில் ரேஷியோவை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனில் 3.73 செட் ஒன்று கிடைக்கிறது, வேண்டுமா வேண்டாமா என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். இப்போது உள்ள ரேஷியோவைச் சக்கரத்தைத் தூக்கி நானே எண்ணிப் பார்த்தேன், 2.7 வருகிறது. போடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டீசல்புகை – 11.34
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? எத்தனை கியர்? டயர் அளவு என்ன? இது எதுவும் இல்லாமல் யார் என்ன சொல்ல முடியும்?

பழையஇரும்பு – 11.41
தம்பி, ரேஷியோ என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் அந்த எண். எண் பெரிதானால் இழுவை, சிறிதானால் ஓட்டம். 2.7 இருக்கிற வண்டியில் 3.73 போட்டால் இன்ஜின் இன்னும் அதிகமாகத்தான் கத்தும். இதே பாடத்தை இங்கே எத்தனை தடவை எழுதுவது?

நாசில்நண்பன் – சனி 12.08
ரேஷியோ எல்லாம் அப்புறம். லிட்டருக்கு 9 என்றால் முதலில் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடுங்கள். துளி துளியாகச் சொட்டுகிற நாசிலை வைத்துக்கொண்டு எந்தப் பல்லை மாற்றினாலும் டீசல் புகையாகத்தான் போகும். ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

மண்சாலை77 – காலை 7.15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பழைய ஜீப், டீசல் இன்ஜின் மாற்றிப் போட்டது, டர்போ இல்லை. நான்கு கியர். டயர் 7.00-16. இன்ஜினின் அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, நிமிடத்துக்கு 2000 சுற்றில் (ஆர்பிஎம்), அதிகபட்ச பவர் 4000ல். நாசில் போன மாதம்தான் பார்த்தது, கறும்புகை இல்லை.

ஷிம்வைப்பவர் – 7.52
பழைய ஜீப்பில் 2.7 இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு விஷயம் கேட்கிறேன்: எண்ணும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினீர்களா?

மண்சாலை77 – 7.58
ஆமாம். வலது பக்கம் மட்டும்.

ஷிம்வைப்பவர் – 8.20
அங்கேதான் தவறிவிட்டது. இரண்டு சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக்கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தரையில் நின்றுவிட்டால், அதற்குப் போக வேண்டிய சுற்றும் தூக்கிய சக்கரத்துக்கே வந்துவிடும். அதாவது தூக்கிய சக்கரம் இரண்டு மடங்கு சுற்றும். நீங்கள் அதை ஒரு சுற்று மட்டும் சுற்றியதால் ஷாஃப்ட் பாதிதான் சுற்றியிருக்கிறது. 2.7ஐ இரட்டித்தால் 5.4 பக்கம் வருகிறது. ஷாஃப்ட் பக்கச் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல், அது சுற்றவைக்கும் பெரிய கிரவுனில் 43 பல் இருந்தால் 5.375. பழைய ஜீப்புகளில் நிறைய வந்த ரேஷியோ அது.

உறுதிப்படுத்த இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். சில ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் ஷாஃப்டையே பிடிக்கும், அதை விடுவித்தால்தான் ஷாஃப்ட் சுற்றும், அதனால் கட்டை இல்லாமல் செய்யவே கூடாது. ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் பினியன் ஃபிளேஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போடுங்கள். இரண்டு சக்கரங்களையும் ஒரே பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றி எண்ணுங்கள்.

இன்னொன்று, டயர் தரையில் ஒரு சுற்று உருளும் தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற விட்டத்தைவிட அதுதான் நம்பகமானது.

பழையஇரும்பு – 8.31
நான் சொன்ன கணக்கில் தவறில்லை, அவர் எண்ணியதில்தான் தவறு. தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான பதில்தான் வரும்.

மண்சாலை77 – 10.40
ஷிம் அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். ஃபிளேஞ்சுக் கோடு ஐந்து முறை முழுதாக வந்து, ஆறாவது சுற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி நின்றது. டயர் உருளும் தூரம் 2.35 மீட்டர்.

ஷிம்வைப்பவர் – 11.05
அப்படியென்றால் 5.375தான். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1,333 மீட்டர். 2.35ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 567 சுற்று. நான்காவது நேர் கியர், அதில் ஷாஃப்டும் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும் என்பதால் 5.375ஆல் அப்படியே பெருக்குங்கள்: 3,050 ஆர்பிஎம். கத்தாமல் என்ன செய்யும்?

இதே 80ல் 4.27 போட்டால் சுமார் 2,420. 3.73 போட்டால் 2,115.

டீசல்புகை – 11.12
80 என்பது மீட்டர் காட்டுவதா, உண்மையான வேகமா? 7.00-16 ஜீப்போடு வந்த டயரா?

மண்சாலை77 – 11.30
வந்தது 6.00-16. நான்தான் மாற்றினேன். மீட்டர் 80 காட்டும்போது போன் ஜிபிஎஸ் 85 காட்டுகிறது.

டீசல்புகை – 11.38
பார்த்தீர்களா, கத்தும்போது நீங்கள் போவது 85ல், அங்கே ஆர்பிஎம் 3,200ஐத் தாண்டியிருக்கும். வேகம் போலவே தூரத்தையும் மீட்டர் குறைத்துத்தான் எழுதுகிறது. லிட்டருக்கு 9 என்பது உண்மையில் ஒன்பதரை. நாளை ஆக்சில் ரேஷியோவை மாற்றினால் இந்தக் கணக்கு இன்னும் கெடும். ஸ்பீடோமீட்டர் கேபிள், முன்பின் ஆக்சில்களுக்குச் சுற்றைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், ஷாஃப்ட் மெதுவாகச் சுற்றினால் மீட்டரும் மெதுவாகச் சுற்றும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று நீங்களே இங்கே வந்து புலம்புவீர்கள். மீட்டர் கேபிளைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான ஸ்பீடோ பினியனையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நாசில்நண்பன் – 11.50
3.73 போடுங்கள். ஆர்பிஎம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மைலேஜ். இதற்கு மேல் என்ன யோசனை?

ஷிம்வைப்பவர் – 12.15
அப்படி நேராகக் கணக்குப் போட முடியாது. ஆர்பிஎம் குறைந்தால் இன்ஜின் உள்ளே உராய்வில் போகும் சக்தி குறையும், அது உண்மை. ஆனால் வண்டியைத் தள்ளத் தேவையான சக்தி அதேதான். ஜீப் பெட்டி மாதிரி காற்றை முட்டிக்கொண்டு போகிற வண்டி. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும், 80லிருந்து 100க்குப் போனால் கிட்டத்தட்ட இரு மடங்கு. டர்போ இல்லாத இன்ஜின் 2,100ல் ஓடும்போது எதிர்க்காற்றோ சின்ன ஏற்றமோ வந்தால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும். மிதித்தால் கறும்புகை, இறக்கினால் பழைய சத்தமே திரும்பி வரும். தட்டையான சாலையில் ஓரளவு லாபம் கிடைக்கும், ஏற்ற இறக்கத்தில் அது கரைந்துவிடும்.

முதல் கியரையும் மறக்காதீர்கள். 3.73 போட்டால் சக்கரத்தில் இழுவை சுமார் 30 சதவீதம் போய்விடும். ஏற்றத்தில் சுமையோடு கிளம்பும்போது கிளட்ச்தான் கருகும்.

கியர்குடும்பம் – 12.40
யாரும் கேட்கவில்லையே, இது ஃபோர் வீல் டிரைவா?

மண்சாலை77 – 12.44
ஆமாம், ஜீப் என்றேனே. நான்கு சக்கரமும் இழுக்கும்.

கியர்குடும்பம் – 1.10
பின்னால் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்! முன் ஆக்சில் 5.375, பின் ஆக்சில் 3.73 என்று இருக்கையில் ஃபோர் வீலைப் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போடும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், கெட்டித் தரையில் எது பலவீனமோ அது உடையும். மாற்றுவதென்றால் இரண்டு செட். அப்புறம் பின் ஆக்சில் டானா 44 வகை என்றால் 3.73க்கும் 3.92க்கும் நடுவில் கிரவுனைத் தாங்கும் கேரியரே மாறுகிறது. உங்கள் 5.375 கேரியரில் 3.73 கிரவுன் அப்படியே உட்காராது.

நாசில்நண்பன் – 1.25
இவ்வளவு செலவு எதற்கு? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டாலே டீசல் மிச்சம்.

டீசல்புகை – 1.31
அதை மட்டும் செய்யாதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், ஐட்ல் (சும்மா ஓடும்) வேகத்துக்கு மேலே, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் ஐட்ல் ஓட டீசல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

நாசில்நண்பன் – 1.36
நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருள்கிறதே, அது கணக்கில் இல்லையா?

டீசல்புகை – 1.45
லேசான சரிவில் உருளும், ஒப்புக்கொள்கிறேன். செங்குத்து இறக்கத்தில் உருண்டு எங்கே நிற்பது?

பழையஇரும்பு – 1.52
தலைப்பு கிரவுன் பினியன். நியூட்ரலுக்குத் தனியாக ஓர் இழை போடுங்கள்.

கியர்குடும்பம் – 2.20
மண்சாலை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆக்சிலைத் தொட மாட்டேன். ஐந்தாவது கியர் 0.8 பக்கம் உள்ள ஐந்து கியர் பெட்டி தேடுவேன். 5.375ஐ 0.8ஆல் பெருக்கினால் 4.3. 80ல் 2,440 ஆர்பிஎம் வரும், உங்கள் டார்க் 2000ல் இருப்பதால் அதற்குச் சற்று மேலே, நல்ல இடம். ஏற்றத்துக்கு நான்காவது அப்படியே இருக்கும். பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் வருவதால் முன்பின் ஆக்சில் சண்டை இல்லை, மீட்டர் கணக்கும் மாறாது. முதல் கியர் விகிதம் பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஷிம்வைப்பவர் – 2.35
நானும் இதையே சொல்கிறேன். கிரவுன் பினியன் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்திய பொருள். பினியன் ஆழம், பற்களுக்கு நடுவில் விடும் சின்ன இடைவெளியான பேக்லாஷ் இரண்டையும் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிப் பதிவு நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நான் பேக்லாஷை மட்டும் பார்த்துவிட்டு, பதிவு பல்லின் அடியில் விழுந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். 60ல் ஊளையிட ஆரம்பித்தது. திரும்பக் கழற்றியபோது பல்லின் அடியில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது, செட்டையே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. இரண்டு ஆக்சில் என்றால் இந்த வேலை இரண்டு முறை.

மண்சாலை77 – 3.05
3.73 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து கியர் பெட்டி தேடுகிறேன்.

பழையஇரும்பு – 3.20
பெட்டியின் நீளத்தை அளந்து வாங்குங்கள். நீளம் கூடினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப் போகும், இரண்டு ஷாஃப்டையும் வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

மண்சாலை77 – ஏழு வாரம் கழித்து
பெட்டி மாட்டியாச்சு. ஜிபிஎஸ்ஸில் 80, டாக்கோமீட்டரில் 2,450. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கிறது. ஜிபிஎஸ் தூரத்தில் லிட்டருக்கு பத்தேமுக்கால் வந்தது, ஒரு டேங்க்தான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

கியர்குடும்பம் – அன்றே
மகிழ்ச்சி. எந்தப் பெட்டி, முதல் கியர் எவ்வளவு, முன் ஷாஃப்டை எவ்வளவு நீட்டினீர்கள்? எனக்கும் அதே வேலை இருக்கிறது.

கியர்குடும்பம் – இரண்டு வாரம் கழித்து
மண்சாலை, இருக்கிறீர்களா? ஷாஃப்ட் நீளம் மட்டும் சொல்லுங்கள்.