போன் மாதிரி இருக்கும், போன் இல்லை: இப்படிப் பரிசு வாங்கியவர்கள் சொல்லுங்கள்

நியூ ஜெர்சியில் எங்கள் ஆபீஸில் டிசம்பர் மாதம் ‘ஒயிட் எலிஃபன்ட்’ என்று பரிசு மாற்றிக்கொள்ளும் விளையாட்டு நடக்கும். அடுத்தவர் பிரித்த பரிசு பிடித்துவிட்டால் பிடுங்கிக்கொள்ளலாம். போன வருடம் எனக்கு வந்தது நோபோன். செல்போன் அளவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. திரை, பேட்டரி, கேமரா எதுவும் கிடையாது. கையில் போன் இல்லாவிட்டால் தவிக்கிறவர்களுக்கு என்று சொல்லி, 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டி இறக்கிய சரக்கு. அப்புறம் செல்ஃபி பிரியர்களுக்காகக் கண்ணாடி ஒட்டிய மாடல் ஒன்று வந்தது. நோபோன் ஏர் என்று இன்னொன்று. உறை மட்டும்தான், உள்ளே ஒன்றுமே இல்லை. அதையும் காசு வாங்கிக்கொண்டுதான் விற்றார்கள்!

என்னுடையதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் மீட்டிங்கில் மேஜைமேல் வைத்தால், மேனேஜர் இன்னமும் “அதைக் கொஞ்சம் உள்ளே வையுங்களேன்” என்கிறார்.

* * *

நோபோன் தெரியாது, எங்கள் வீட்டில் நடந்தது பெட்டிக் கதை. அமெரிக்காவில் வெறும் அட்டைப்பெட்டியை மட்டும் விற்கிறார்கள். பெட்டியின் மேல், உலகத்திலேயே இல்லாத பொருள் ஒன்றின் படம், விலாவாரியான விளக்கம், சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் எல்லாம் அச்சடித்திருக்கும். நிஜப் பரிசை நாம் உள்ளே வைத்துக் கொடுக்க வேண்டும். ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு என் கணவர் வாங்கிய புடவையை ‘யுஎஸ்பி டோஸ்டர்’ பெட்டியில் வைத்துக் கொடுத்தோம். லேப்டாப்பில் செருகினால் ரொட்டி வாட்டுமாம்.

சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், மொத்தம் 2.5 வாட். டோஸ்டருக்கு 800 வாட்டாவது வேண்டும். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க என் கணவர் தயாராக நின்றார். அம்மாவோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரவால்லீங்க மாப்ளே, ஊருக்குக் கொண்டுபோக அடக்கமா இருக்குது” என்று பத்திரமாக சூட்கேஸில் வைத்துவிட்டார். பிரிக்கவே இல்லை. உள்ளே புடவை இருக்கிறது என்று நம்பவைக்கத்தான் பாடுபட்டோம்.

* * *

கேலி எது, நிஜம் எது என்று கம்பெனிகளே குழப்பும்போது ஈரோட்டு அம்மா என்ன செய்வார்? 2021-இல் ஆப்பிள் திரை துடைக்கும் துணியை 19 டாலருக்கு விற்றது. அதைக் கிண்டல் செய்து அதே வருடம் டெஸ்லா ‘சைபர்விசில்’ என்று ஒரு ஊதலை 50 டாலருக்கு விற்றது. நிஜமாகவே ஊதலாம். என் ரூம்மேட், தன் தம்பிக்குப் பரிசாக வாங்கப் பார்த்தான், அதற்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. துணி வாங்கியவனைக் கேலி செய்ய 50 டாலர் கொடுப்பவனை யார் கேலி செய்வது? நோபோன்காரர்களே தேவலாம், பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

* * *

மேலே பெட்டி பற்றி எழுதிய அக்காவுக்கு: எங்கள் வீட்டில் நேர் எதிர். திங்க்கீக் என்ற அமெரிக்க ஆன்லைன் கடை 2010 ஏப்ரல் 1 அன்று ஐகேட் என்று ஒரு பொய் விளம்பரம் போட்டது. ஐபேடை உள்ளே நிறுத்தி, பழைய வீடியோ கேம் கடை மெஷின் மாதிரி ஜாய்ஸ்டிக் பிடித்து ஆடலாம் என்றார்கள். நிஜமாகவே வேண்டும் என்று ஆட்கள் கேட்கப்போய், 2011-இல் அயான் கம்பெனியோடு சேர்ந்து உண்மையிலேயே விற்றார்கள். என் மச்சான் கெட்டிக்காரர், இந்தப் பெட்டி விளையாட்டெல்லாம் தெரிந்தவர். அவருக்கு அதையே வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, ஜாய்ஸ்டிக்கையெல்லாம் ஓரமாக எடுத்துவைத்தார். நிஜப் பரிசு எங்கே என்று அடிவரை கையை விட்டுத் துழாவினார். “இதுதான் மச்சான்” என்றேன். “சும்மா இரு மாப்ளே” என்று அட்டையைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார்.