இன்டர்ஸ்டெல்லர் ஆர்கன்: பாக்ஸில் கோளாறா, படத்திலேயே அப்படித்தானா?

திருமங்கலம் மைக்செட்:

முப்பது வருஷமாக மைக்செட் வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், பட்டிமன்றம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சந்தேகம் 2014-லிருந்து மண்டைக்குள் கிடக்கிறது.

அந்த வருஷம் நவம்பரில் இன்டர்ஸ்டெல்லர் என்கிற ஆங்கில விண்வெளிப் படம் வந்தபோது மதுரையில் ஒரு தியேட்டரில் பார்த்தேன். மலை உயரத்துக்கு அலை வருகிற கிரகம் இருக்கிறதே, அங்கே இசை ஏறினதும் வசனம் பாதி காணாமல் போனது. பக்கத்து சீட்காரர் "ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுண்ணே" என்றார். எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. இடைவேளையில் ஆபரேட்டர் ரூமுக்கே போய், நடு ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், தறிகெட்டுச் சுற்றுகிற விண்கப்பலோடு கதாநாயகன் தன் கப்பலைக் கொண்டுபோய் ஒட்டுகிறானே, அந்த இடத்தில் சர்ச்சில் வாசிக்கிற ஆர்கன் மட்டும்தான் கேட்டது. என்ன பேசினார்கள் என்று மகள்தான் பிற்பாடு சொன்னாள்.

போன வாரம் மகள் அந்த இசையை மட்டும் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, நம் சரக்கில் கேட்போம் என்று குடோனில் பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸ் இரண்டை மாட்டினேன். ரேக்கில் சுருட்டி வைத்திருந்த சீரியல் பல்பெல்லாம் கிலுகிலு என்றது. டியூப்லைட் பட்டி தானாக அதிர்ந்தது. ஆனால் அடிக்குரல் இறங்குகிற இடத்தில் கோன் மட்டும் முன்னும் பின்னும் போய் வருகிறது, சத்தத்தைக் காணோம். என் பாக்ஸ் 40 ஹெர்ட்ஸுக்கு, அதாவது வினாடிக்கு 40 அதிர்வுக்குக் கீழே பேசாது, அது எனக்கே தெரியும். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, ஒத்து மட்டும் ஊதுறாங்க, நாயனத்தைக் காணோம்?"

கேள்வி இதுதான். வசனத்தை இப்படி மூழ்கடித்தது வேண்டுமென்றேவா? என் தொழிலில் வாய்ஸ்தான் முதலில். பேச்சு புரியவில்லை என்றால் பாக்கிப் பணம் வராது.

பசுமலை கீபோர்டு:

அண்ணே, வேண்டுமென்றேதான். 2014-லேயே ஊர் ஊருக்கு இந்தப் புகார் வந்தது. சில இடங்களில் வசனத்தையும் ஒரு சத்தமாகவே வைத்தேன் என்று இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் பதில் சொல்லிவிட்டார். உங்கள் ஆபரேட்டர் பாவம்.

நான் சர்ச்சில் வாசிக்கிறவன். கீபோர்டில் ஆர்கன் டோன் போட்டு அதை வாசித்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர் பயன்படுத்தியது லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கிற குழாய் ஆர்கன், வாசித்தவர் ரோஜர் சேயர். பழைய ஆர்கன் 1941 குண்டுவீச்சில் எரிந்துபோய், இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். இது முதலில் ஸ்காட்லாந்தில் ஒரு பிரபுவின் நடன மண்டபத்தில் இருந்தது! ஆட்டம் போடச் செய்தது கோயிலுக்கு வந்து, அங்கிருந்து விண்வெளிக்குப் போயிருக்கிறது.

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒத்து என்றால் ஒரே சுரத்தை விடாமல் பிடிப்பதுதானே. ஆர்கனில் கட்டையை விடாமல் அழுத்தினால் காற்று இருக்கிறவரை சுரம் நிற்கும், பியானோ மாதிரி தேயாது. காற்று நின்றால் ஆர்கன் செத்தது, அந்த விண்வெளிக்காரர்களும் அப்படித்தான். ஆர்கன் மூச்சு விடுகிற வாத்தியம் என்று சிம்மரே சொல்லியிருக்கிறார். பெரிய ஆர்கன்களில் 32 அடி குழாய் உண்டு, அதன் கடைசி சுரம் சுமார் 16 ஹெர்ட்ஸ். உங்கள் பாக்ஸை மட்டும் திட்டாதீர்கள்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். கோரஸ் பாடினவர்களை மைக்குக்கு முதுகைக் காட்டிப் பாடச் சொன்னார்களாம்.

திருமங்கலம் மைக்செட்:

முதுகைக் காட்டியா! என் மேடையில் அப்படி நின்றால் நானே போய்த் தோளைப் பிடித்துத் திருப்புவேன்.

மேலூர் கணக்கு:

அலைக் கிரகத்து இசையில் டிக் டிக் என்று ஒன்று ஓடுகிறதே, ஒவ்வொரு டிக்கும் பூமியில் ஒரு நாள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இரண்டு டிக்குக்கு நடுவில் 1.25 வினாடி என்பார்கள். போட்டுப் பார்த்தேன். படத்தில் அந்தக் கிரகத்தில் ஒரு மணி நேரம், பூமியில் 7 வருஷம், அதாவது சுமாராக 2557 நாள். 3600-ஐ அதனால் வகுத்தால் ஒரு நாளுக்கு 1.41 வினாடி வருகிறது. 1.25 என்றால் 21 மணி நேரம் சொச்சம்தான், முழு நாள் இல்லை. பத்தாம் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன். ஒரு பையன் "சார், மிச்ச மணி நேரம் அவங்க தூங்கியிருப்பாங்க" என்று எழுதியிருந்தான். அரை மார்க் போட்டேன்.

கணக்கு இடித்தாலும், அந்த டிக் தெரிந்தபிறகு அந்தக் காட்சியைச் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது 23 வருஷம் போய்விட்டது.

செல்லூர் வாசகன்:

நான் எதிர்க்கட்சி. இந்த இசை "இப்போ அழு" என்று கழுத்தில் கை வைக்கிறது. 1968-ல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' விண்வெளிப் படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதிக் கொடுத்த இசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வால்ட்ஸ் என்கிற பழைய நடன இசையையும் லிகெட்டி என்கிற இசையமைப்பாளரின் இசையையும் வைத்தார். சில இடத்தில் வெறும் மூச்சுச் சத்தம் மட்டும்தான். வெட்டவெளி என்றால் அதுதான். ஆஸ்கரில்கூட சிம்மருக்குப் பரிந்துரையோடு சரி, விருது வேறு படத்துக்கு இசையமைத்த அலெக்சாந்தர் டெஸ்ப்லாவுக்குப் போனது.

பசுமலை கீபோர்டு:

அண்ணே, அழ வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்வெளி என்ற பேச்சே எடுக்காமல், ஓர் அப்பா, ஒரு பிள்ளை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துத்தான் நோலன் முதல் மெட்டை வாங்கினார். சிம்மர் தன் மகனை நினைத்து எழுதினார். ராக்கெட் அப்புறம்தான் வந்து சேர்ந்தது. விருதுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒத்துக்காரன் பேரன்:

தாத்தா ஒத்து ஊதினவர், நான் தவில். மைக்செட் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறோம்? அந்த நேரத்தில் தும்மலோ வேண்டாத பேச்சோ காதில் விழக் கூடாது என்றுதானே. மந்திரமே கேட்காது, யாரும் குறை சொல்வதில்லை. கப்பலைக் கொண்டுபோய் ஒட்டுகிற இடத்தைக் கெட்டிமேளம் என்று நினைத்துப் பாருங்கள்.

திருமங்கலம் மைக்செட்:

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். தம்பி, அந்த நேரத்தில் அய்யர் மைக்கை நானேதான் இறக்குவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை, கை தானாகப் போகும். அவர் உதடு அசைவது மட்டும் தெரியும்.

கப்பல் ஒட்டுகிற இடத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். அலைக் கிரகத்துக்கு மாட்டேன். தாலி ஏறினதும் நான் அய்யர் மைக்கை ஏற்றிவிடுவேன், அந்த நோலன் ஏற்றவே இல்லை.

பசுமலைத் தம்பி, சர்ச்சில் ஒருநாள் சாயங்காலம் ஆள் இல்லாதபோது சொல்லுங்கள், நாலு பாக்ஸோடு வருகிறேன். வண்டி வாடகை மட்டும் கொடுத்தால் போதும். அம்மாவையும் கூட்டி வருவேன், நாயனம் எங்கே என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.