மலையாளம் புரியுது, பேச வாய் வரமாட்டேங்குது

கேள்வி:
பொள்ளாச்சியில இருந்து தினமும் பாலக்காட்டுக்கு வேலைக்குப் போகணுங்க. மலையாளம் முக்கால்வாசி புரியும். பேசப் போனா நெஞ்சு படபடன்னு அடிச்சு, தமிழுக்கே தாவிடறேன். புத்தகம் படிச்சும் பயம் போகலை.

பதில் 1:
தாவினதும் படபடப்பு சட்டுனு அடங்குதில்லைங்களா, அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் தாவ வைக்குது. அதனால, பதில் ஒரே சொல்லா வர்ற கேள்வியில தொடங்குங்க. "ஈ பஸ் ஒற்றப்பாலம் போகுமோ?" நம்ம "போகுமா"வில ஆ போய் ஓ வருது, அவ்வளவுதான். கடையில "எத்ரயா?" (எவ்வளவுங்க?) எண்கள் பெரும்பாலும் நம்ம எண்கள் மாதிரியே இருக்கும், பதில் காதுக்குப் பிடிபடும். கூட்டமில்லாத நேரமாப் பார்த்து ஒரே டீக்கடையில ஒரு வாரம் பேசிப் பழகுங்க. படபடப்பு தணிஞ்சப்புறம் அடுத்த வாக்கியம்.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பழகினா பலன் குறைவு. அங்கே தமிழ் பேசறவங்க நிறைய. நீங்க திணறினா அன்பா தமிழுக்கு மாறிடுவாங்க. லீவு நாள்ல ஒற்றப்பாலம், ஷொர்ணூர் வரை போயிட்டு வாங்க.

பதில் 2:
பாதி பயம் இலக்கணப் பயம். மலையாள வினைக்கு ஏன், ஆன், ஆள் விகுதியே கிடையாது: ஞான் போயி, அவள் போயி, அவர் போயி. நம்மாளுங்க பழக்க தோஷத்துல விகுதியை ஒட்டிடறாங்க. இன்னொண்ணு, வாக்கியக் கடைசியில வர்ற "ஆணு" (ஆகும்) நமக்கு விட்டுப்போகும். "இது என் பை"ன்னு நாம நிறுத்திக்கலாம். அங்கே "இது என்றெ பாக் ஆணு".

ஒரே மாதிரி ஒலிக்கிற சொல்தான் அதிகமா காலை வாரும். "அவசரம்"னா அங்கே வாய்ப்பு; சீக்கிரம் வேணும்னா "பெட்டென்னு வேணம்". "கேள்க்குக" காதால கேட்கறது மட்டும். ஒருத்தர்கிட்ட விசாரிக்க "ஒரு காரியம் சோதிக்கட்டே?" (ஒரு விஷயம் கேட்கட்டுமா?) வெள்ளம்னா குடிக்கிற தண்ணி.

கேட்டவர்:
எதிர்ல இருக்கறவர் வேகமாப் பேசினா?

பதில் 3:
அதுக்கு மூணு வாக்கியத்தை முன்னாடியே வாய்விட்டுச் சொல்லிப் பழகி வெச்சுக்கங்க. "மனஸ்ஸிலாயில்லா" (புரியலை). "ஒன்னு பதுக்கெ பறயாமோ?" (கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?) அவர் தமிழுக்கு மாறினா, "மலையாளத்தில் பறஞ்ஞா மதி" (மலையாளத்துலயே சொன்னா போதும்). பழக்கமில்லாதவரை "நீ"ன்னு சொல்லிடாதீங்க, சேட்டா, சேச்சின்னு தொடங்குங்க. நாளைக்கு பஸ்ஸில ரெண்டாவது வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிப் பாருங்க.