பெங்களூரில் மரம் கழிக்கும் வேலைக்கு எந்த வண்டி, எந்த சிப்பர்? உதவி வேண்டும்

ஹலசூர் மரவேலை (கேட்டவர்)

வணக்கம். அப்பா காலத்திலிருந்தே மரம் ஏறுகிற குடும்பம் எங்களுடையது. இப்போது நான்கு ஆட்களோடு இந்திராநகர், ஃபிரேசர் டவுன், கல்யாண் நகர் பக்கம் அபார்ட்மென்ட்களிலும் தனி வீடுகளிலும் கிளை கழிக்கிறேன், காய்ந்த மரம் இறக்குகிறேன். கயிறு, பெல்ட், செயின்சா எல்லாம் இருக்கிறது. சிக்கல் வெட்டி முடித்த பிறகுதான். ஒரு பெரிய குல்மோகரைக் கழித்தால் தெரு முழுக்கத் தழை. வாடகை டெம்போவுக்கு ஒரு நடைக்கு 2,500 ரூபாய் கேட்கிறார்கள். கிளையை அப்படியே அடுக்கினால் பாதி வண்டி காற்றுதான். மூன்று நான்கு நடை ஆகிவிட்டால் ஆட்கள் கூலி போக எனக்கு ஒன்றும் நிற்பதில்லை.

சொந்த வண்டியும், கிளையைப் பொடிப்பொடியாகச் சீவித் தள்ளும் சிப்பர் மெஷினும் வாங்க நினைக்கிறேன். கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதி லோன். டாடா ஏஸ் போதுமா, பொலிரோ பிக்கப்பா, இல்லை பழைய டாடா 407 லாரியா? சிப்பர் 4 அங்குலமா, 6 அங்குலமா? விற்கிற இடத்தில் எல்லாரும் பெரியதையே வாங்கச் சொல்கிறார்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலாசிபாளையம் டிரைவர்

தம்பி, ஏஸ் சந்துக்குள் நன்றாகப் போகும். ஆனால் முக்கால் டன்னுக்குத்தான் அது. பிக்கப் என்றால் மாடலைப் பொறுத்து 1.3 முதல் 1.7 டன் வரை ஏற்றலாம். பழைய 407 எடுப்பதாக இருந்தால் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தேதியை முதலில் பார். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி எடுக்க வேண்டும், அந்தச் செலவும் அலைச்சலும் உன் தலையில்தான். ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பைனான்ஸ் பெயர் இருந்தால் அவர்களின் என்ஓசி (தடையின்மைச் சான்று) கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். பாரத்தோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீ கேட்ட மூன்றுமே அதற்குள் அடங்கும்.

பன்னேர்கட்டா ரோடு மரம்

நானும் இதே தொழில்தான். வண்டி ஒரு கேள்வி, சிப்பர் ஒரு கேள்வி என்று பிரித்துப் பார்க்காதீர்கள். சிப்பரிலிருந்து வெளியே வருவதை எது தூக்கிப் போகும் என்பதுதான் கணக்கு.

கிளையாக ஏற்றும்போது வண்டியில் இடம் முதலில் தீரும், எடை மிச்சம் இருக்கும். சீவலாக ஏற்றும்போது அது தலைகீழ். பச்சைச் சீவல் ஒரு கன மீட்டர் சுமார் 300 கிலோ வரும், மழை நாளில் இன்னும் கூடும். பிக்கப் தொட்டி 9 அடிக்கு ஐந்தரை அடி என்று வையுங்கள். நான்கு அடி உயரத்துக்குக் கூண்டு கட்டி விளிம்பு வரை நிரப்பினால் ஐந்தரை கன மீட்டருக்கு மேல். அதாவது ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். 1.3 டன் மாடல் வாங்கிவிட்டு உயரக் கூண்டு கட்டினால் ஒவ்வொரு நடையும் ஓவர்லோடுதான். சந்தேகமாக இருந்தால் 200 லிட்டர் டிரம்மில் சீவலை நிரப்பி காயலான் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அறுபது கிலோவை ஒட்டி நிற்கும். கூண்டு உயரத்தை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

அபராதமும் சின்னதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கிளை பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டு போனாலும் அதே 20,000 பிரிவு இருக்கிறது. நம் ஆட்கள் கிளையை வெளியே தொங்கவிட்டு ரிங் ரோட்டில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும்.

இனி சிப்பர். 6 அங்குலம் என்று போட்டிருந்தால் அதிகபட்சம் அவ்வளவு கனமுள்ள கிளை நுழையும் என்று அர்த்தம். நாள் முழுக்கப் புங்கை, புளி மாதிரி கெட்டி மரத்தைக் கொடுத்தால் அதில் பாதி, முக்கால் அளவுதான் நிம்மதியாக ஓடும். ஆனால் மணிக்கட்டு கனத்துக்கு மேல் இருக்கிற கட்டையை எதற்கு சிப்பரில் போட வேண்டும்? வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அது விறகுக் கடைக்குப் போகும், பணமாகும். தூங்குமூஞ்சி, குல்மோகர் கழித்தால் குவிவது பெரும்பாலும் விரல் கனம், கை கனம் உள்ள தழைக் கொப்புதான். ஆகையால் அங்குலத்தை விட வாய் அகலத்தைப் பாருங்கள். கவை விழுந்த கிளை குறுகிய வாயில் நிற்காமல் போகாது, ஒவ்வொன்றையும் அரிவாளால் பிளந்து கொடுக்க ஒரு ஆள் கூடுதலாக வேண்டும்.

அடுத்தது இழுக்கும் ரோலர். கையால் தள்ளிக் கொடுக்கிற மெஷின் விலை குறைவுதான். ஆனால் ஆள் சோர்ந்துபோவார், சோர்ந்த ஆள் கையை உள்ளே நீட்டுவார். ஹைட்ராலிக் ரோலர், அதை நிறுத்தவும் பின்னால் சுழற்றவும் வாய் ஓரத்தில் ஒரு கம்பி, எஞ்சின் வேகம் இறங்கினால் ரோலர் தானே நிற்கிற வசதி, இந்த மூன்றும் இல்லாத மெஷினை நான் ஆட்களிடம் கொடுக்க மாட்டேன். ஏறும் கயிறை மெஷின் பக்கத்திலேயே போடக் கூடாது. கயிறு ஒருமுறை உள்ளே மாட்டினால் மறுமுனையில் இருப்பவரைக் காப்பாற்ற நேரம் கிடைக்காது.

டீசல் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். 25 எச்பி எஞ்சின் முழு பாரத்தில் மணிக்கு 5, 6 லிட்டர் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். ஒரு மரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஆயிரம் ரூபாய் சொச்சம். அதில் இரண்டு டெம்போ நடை மிச்சமானால் 5,000. பிளேடு, லோன் தவணை எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். மாதத்தில் பெரிய மரம் எத்தனை வருகிறது என்று உங்கள் பில் புத்தகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஹலசூர் மரவேலை (கேட்டவர்)

ரொம்ப நன்றி அண்ணா. சீவல் எடை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று: சொந்தக்காரரிடம் பழைய டிராக்டர் இருக்கிறது. அதன் பிடிஓவில் (டிராக்டர் எஞ்சினால் வெளி மெஷினைச் சுழற்றும் ஷாஃப்ட்) மாட்டும் சிப்பர் விலை குறைவு என்கிறார்கள். இல்லாவிட்டால் சக்கரம் வைத்த சிப்பரை பிக்கப் பின்னால் இழுத்துப் போகலாமா?

பீன்யா ஃபேப்ரிகேஷன்

சார், பிடிஓ மெஷினில் தனி எஞ்சின் கிடையாது, அதனால்தான் விலை குறைவு. தோட்டத்துக்கும் பண்ணை வீட்டுக்கும் நல்லது. ஆனால் விவசாயத்துக்குப் பதிவான டிராக்டரை சிட்டியில் வாடகை வேலைக்கு ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். பிடிஓ ஷாஃப்ட் மேல் மூடி இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். லுங்கி, துண்டு ஒரு நொடியில் சுற்றிக்கொள்ளும்.

இழுத்துப் போகிற மெஷினுக்கு, டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம், தனிப் பதிவு வேண்டும். ஃபிரேசர் டவுன் மாதிரி தெருக்களில் அதை ரிவர்ஸ் எடுப்பதும் பெரும்பாடு. சின்ன சிப்பரைத் தொட்டியிலேயே போல்ட் போட்டு நிறுத்தலாம் என்று சிலர் கேட்டு வருவார்கள். மெஷின் எடையும் வண்டி ஏற்றக்கூடிய எடையில்தான் கழியும் என்பதை அவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.

வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பிளேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். போல்ட் எளிதில் வருகிறதா, பிளேடைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பயன்படுத்த முடியுமா, எதிரே இருக்கும் நிலைக் கத்திக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதே அளவு பிளேடு இங்கேயே கிடைக்காவிட்டால் மெஷின் நின்றுபோன நாளெல்லாம் நஷ்டம். நம் ஊர் மரங்களில் விளம்பரப் பலகை ஆணி, சீரியல் லைட் கம்பி, கேபிள்காரர் கட்டிய ஒயர் எல்லாம் இருக்கும். ஒரு ஆணி போதும், புது பிளேடில் பல் விழுந்துவிடும். வீதியோரக் கிளையை உள்ளே தள்ளுவதற்கு முன் ஆள் ஒருவர் கையால் தடவிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஓசூர் நர்சரி

சீவலை எங்கே கொட்டுவது என்று யாரும் கேட்கவில்லையே. எங்களைப் போன்ற நர்சரிகள் மூடாக்குக்கு எடுத்துக்கொள்வோம், ஆனால் பிளாஸ்டிக், ஒயர் கலக்கக் கூடாது. சூடான பச்சைக் குவியலைச் செடி வேரோடு ஒட்டிப் போட மாட்டோம், கொஞ்ச நாள் ஆறவிட்டுத்தான் போடுவோம். நீங்கள் ஓசூர் வரை வந்தால் டீசலுக்கே போய்விடும். உங்கள் அபார்ட்மென்ட்காரர்களிடமே கேளுங்கள். கம்போஸ்ட் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் காய்கறிக் கழிவோடு கலக்க உலர்ந்த சீவல் எப்போதும் தேவைப்படும். வெட்டிய இடத்திலேயே சீவல் தங்கிவிட்டால் ஒரு நடைகூட வேண்டாம்.

தென்னை மட்டையை மட்டும் சிப்பரில் போட அவசரப்படாதீர்கள். நார் ஷாஃப்டில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். அதற்கென்று ஷ்ரெடர்கள் இருக்கின்றன.

ஹலசூர் மரவேலை (கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. வாடகைக்கு ரோலர் வைத்த 5 அங்குல டீசல் மெஷின் கிடைத்தது. கல்யாண் நகரில் ஒரு அபார்ட்மென்ட்டில் தூங்குமூஞ்சி கழித்த வேலைக்குக் கொண்டுபோனேன். கட்டையைத் தனியாக விறகுக்கு ஒதுக்கிவிட்டு கொப்பை மட்டும் விட்டோம். பாதிச் சீவலை அவர்களே கம்போஸ்டுக்கு வைத்துக்கொண்டார்கள், மீதி ஒரே நடையில் போய்விட்டது. டிரம்மில் எடை போட்டேன், 66 கிலோ. அதனால் 1.7 டன் பிக்கப்பை லோனில் எடுத்து, கூண்டை மூன்றரை அடியோடு நிறுத்தப் போகிறேன். சிப்பர் இந்த மழைக்காலம் முடியும்வரை வாடகைதான்.

ஒரே குழப்பம். மாலையில் சீவல் நீள நீளமாக, நார் நாராக வர ஆரம்பித்தது. எஞ்சினும் திணறியது. மெஷினில் கோளாறா?

பீன்யா ஃபேப்ரிகேஷன்

கோளாறு இல்லை சார், பிளேடு மழுங்கிவிட்டது. வாடகைக்காரரிடம் சொல்லித் தீட்டிய செட் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். மாற்றும்போது எஞ்சின் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, பிளேடு சுழலும் தட்டு முழுக்க நின்ற பிறகு மூடியைத் திறங்கள். மாற்றியும் நார் வந்தால் நிலைக் கத்தி இடைவெளி கூடியிருக்கும், மேனுவலில் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

பன்னேர்கட்டா ரோடு மரம்

அபார்ட்மென்ட் வேலை என்றால் மெஷினைக் காலை பத்து மணிக்கு மேல் போடுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் அளவு, சிப்பர் பக்கத்தில் நூறைத் தாண்டும், புகார் வராமல் இருக்காது. ஆட்களுக்குக் காது மூடியும் கண்ணாடியும் கட்டாயம். மர அதிகாரி கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை வண்டியிலேயே வையுங்கள். கர்நாடகத்தின் 1976 மரப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மைத்தான் முதலில் நிறுத்திக் கேட்பார்கள்.