தாளத்துக்குச் சுடும் கேம்களில் பீட் தவறுகிறது: புளூடூத்தா, டிவியா, கையா?

தட்டாமாலை:

பாட்டோட பீட்டுக்குச் சுடணும்ங்கிற மெட்டல்: ஹெல்சிங்கர் ஆடிட்டிருக்கேன். பீட்ல சுடச் சுட ஏறுற மல்டிப்ளையர் 4-ஐத் தாண்ட மாட்டேங்குது. காதுக்குக் கேக்குற பீட்ல சரியாத்தான் அழுத்துறேன், ஆனா பாதி ஷாட் தப்புன்னு காட்டுது. தாமதத்தை அளந்து ஈடுகட்டுற கேலிப்ரேஷனை ஓட்டினா ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வருது.

செட்டப்: கேமிங் லேப்டாப், எச்டிஎம்ஐ வழியா 43 இஞ்ச் டிவி, புளூடூத் ஹெட்போன், வயர்லெஸ் கன்ட்ரோலர். ஃபிரேம் ரேட் 45-க்கும் 60-க்கும் நடுவுல ஏறி இறங்குது.

கோளாறு ஹெட்போன்லயா, டிவிலயா, என் கையிலயான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? கேலிப்ரேட் பண்ணிட்டா புளூடூத்லயே ஆடலாமா? இதே வகையில கொஞ்சம் இரக்கமுள்ள கேம் எது? நம்ம பாட்டைப் போட்டு ஆடுற மாதிரி ஏதாவது இருந்தா அதையும் சொல்லுங்க.

ஒலிக்கம்பி:

எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் புளூடூத் மேல்தான். நிலையான தாமதம் 200 மில்லிசெகண்ட் (மி.செ.) ஆனாலும் கேலிப்ரேஷன் அதைக் கழித்துவிடும். ஒருமுறை 140, அடுத்த முறை 210 என்று ஆடினால் கழிக்க எதுவும் இல்லை.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். சாதாரண எஸ்பிசி கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் வரும். ஏஏசி அதைவிடப் பெரிதாக மேல் இல்லை. ஆப்டிஎக்ஸ் லோ லேட்டன்சி 40 பக்கத்தில் நிற்கும். ஆனால் லேப்டாப், ஹெட்போன் இரண்டிலும் அது இருந்தால்தான் வேலை செய்யும், பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் இருக்காது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட் 500 மி.செ. அதில் 200 போனால் கிட்டத்தட்ட அரை பீட் போனது.

“கேலிப்ரேட் பண்ணிட்டா ஆடலாமா” என்பதற்கு: ஆடலாம், நன்றாக இருக்காது. கேலிப்ரேஷன் செய்வதெல்லாம், சரி தவறு பார்க்கும் நேரச் சாளரத்தைத் தள்ளிவைப்பதுதான். நீங்கள் தாமதமாகக் கேட்ட பீட்டுக்கு அழுத்துகிறீர்கள், கேம் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தக் குண்டின் சத்தம் அப்போதுதான் கிளம்பும். அது ஹெட்போனுக்கு வர இன்னொரு 200 மி.செ. ஆகும். ஆக ஒவ்வொரு வெடிச்சத்தமும் பாட்டுக்கு நடுவே தப்பான இடத்தில் விழும். காது அதைக் கேட்டுக் கையைத் திருத்தப் பார்க்கும், கை இன்னும் கெடும். இதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது. 3.5 மி.மீ. வயர் ஹெட்போன் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் இந்த வேலைக்கு அதுதான் மேல்.

பிரித்துப் பார்க்கும் வழி: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லேப்டாப்பின் சொந்தத் திரை, லேப்டாப்பிலேயே செருகிய வயர் ஹெட்போன், வயர் மவுஸ், இவ்வளவோடு கேலிப்ரேஷனை ஐந்து முறை ஓட்டுங்கள். ஐந்தும் 15, 20 மி.செ. இடைவெளிக்குள் நின்றால் உங்கள் கையில் குறை இல்லை. அப்புறம் டிவியை மட்டும் சேர்த்து ஐந்து முறை, கன்ட்ரோலரைச் சேர்த்து ஐந்து முறை. எதைச் சேர்த்ததும் எண் குதிக்கிறதோ, குற்றவாளி அது. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்றும் புரியாது. எச்டிஎம்ஐ செருகியதும் விண்டோஸ் ஒலியைத் தானாக டிவிக்கு மாற்றிவிடும்; மறுபடி ஹெட்போனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் இதைக் கவனிக்காமல் டிவி ஸ்பீக்கரை அளந்துகொண்டிருப்பார்கள்.

கேலிப்ரேஷனில் ஒலிப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். முதல் நாலைந்து தட்டல் எப்போதும் தாறுமாறாக இருக்கும், அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். மனிதர்கள் பீட்டோடு தட்டும்போது பொதுவாகச் சில பத்து மி.செ. முன்னாலேயே தட்டுவார்கள், அது இயல்பு. அதைத் திருத்தப் போகாதீர்கள். ஆடும்போதும் அப்படித்தான் தட்டப்போகிறீர்கள்.

டிவியில் கேம் மோட் கட்டாயம். மோஷன் ஸ்மூத்திங் போன்ற படப் பூச்சுகள் எல்லாம் அணைய வேண்டும். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் தாமதம் இன்னும் குறையும். ஏவி சிங்க் என்று ஒரு அமைப்பு இருந்தால் 0-இல் வையுங்கள். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், ஸ்பேஷியல் சவுண்ட் இரண்டையும் அணையுங்கள்.

45-60 ஃபிரேம் ஊசலாட்டமும் பார்க்க வேண்டியதுதான். 60 ஹெர்ட்ஸ் திரையில் வி-சிங்க் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போகவைக்கும் அமைப்பு) போட்டு, கிராஃபிக்ஸ் 60-ஐத் தொட முடியாமல் போனால், ஒரு ஃபிரேம் 16.7 மி.செ., அடுத்தது 33.3 என்று மாறி மாறி வரும். ஷேடோ, ரெசல்யூஷன் இரண்டையும் குறைத்து 60-இல் அசையாமல் நிற்கவையுங்கள். இந்த வகை கேமில் படம் அழகாக இருப்பதைவிட அது முக்கியம்.

நடைமாறி:

மேல சொன்னதெல்லாம் செஞ்சப்புறமும் 4-லயே நின்னா, அது ஆடுற முறை.

ஹெல்சிங்கர்ல அந்த மல்டிப்ளையருக்கு ஃப்யூரின்னு பேர், 1, 2, 4, 8, 16-ன்னு ஏறும். ஏற ஏற பாட்டுல ஒவ்வொரு அடுக்கா சேரும், 16-ல தான் பாடகர் குரல் வரும். அதனால மூலையில இருக்கிற எண்ணைப் பாக்கவே தேவையில்லை. குரல் கேக்குதுன்னா உச்சத்துல இருக்கீங்க, நின்னுடுச்சுன்னா இறங்கிட்டீங்க. காதுலயே எல்லாம் இருக்கு.

புதுசா ஆடுறவங்க செய்ற தப்பு, எதிரி கண்ணுல பட்டவுடனே ட்ரிக்கரை அழுத்துறது. வேற ஷூட்டர்ல பழகின விரல் அப்படித்தான் போகும். இங்க எதிரி வந்தாலும் வராட்டியும் விரல் ஓடிட்டே இருக்கணும், குறிதான் எதிரி பக்கம் போகணும். சண்டை இல்லாத நடைபாதையில மண்டையோட்டை (பாஸ்னு பேருள்ள ஆயுதம்) கையில எடுத்து பீட்டுக்குத் தட்டிட்டே நடங்க. அடுத்த அறைக்குள்ள நுழையறப்ப விரல் ஏற்கெனவே தாளத்துல இருக்கும்.

மனசுக்குள்ள “தகதிமி” சொல்லுங்க, ஒரு எழுத்துக்கு ஒரு பீட். இங்கிலீஷ்ல ஒன் டூ எண்ணுறதைவிட இது நல்லா ஒட்டும், ஏன்னா ‘த’வும் ‘தி’யும் தானாவே அழுத்தம் வாங்கும். ஷாட்கன் மாதிரி கனமான ஆயுதத்தை ‘த’ல வச்சுக்குங்க, டேஷை (சட்டுனு பாயுறது) ‘தி’ல. ரீலோடும் தாளத்துக்குள்ள வரும்: ரீலோட் ஓடும்போதே சரியான பீட்ல மறுபடி அழுத்தினா சீக்கிரம் முடியும். அதை விட்டுட்டு வெறுமனே காத்திருந்தா அந்த ரெண்டு மூணு பீட்ல விரல் நின்னுடும், தாளம் போயிடும்.

அடிபட்டு மினுக்குற எதிரியை பக்கத்துல போய் முடிக்கறதுக்கு ஸ்லாட்டர்னு பேர். அதுல உயிர் திரும்பும். உயிர் குறையுதுன்னு பின்னால ஓடுறதைவிட முன்னால போறதுதான் இதுல பாதுகாப்பு.

இன்னொண்ணு. குறிக்குப் பக்கத்துல ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ற அடையாளங்களை உத்துப் பாக்காதீங்க. கண்ணால பாத்து அழுத்தினா எப்பவும் லேட்டு தான். தாளம் தவறினா திரும்பப் பிடிக்கிறதுக்கு மட்டும்தான் அது.

எட்டாம்பூட்டு:

இரக்கமுள்ள கேம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். பீட் தவறினால் ஒவ்வொரு கேமும் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

பிபிஎம்: புல்லட்ஸ் பெர் மினிட் (2020) தான் கடுமை. தவறான நேரத்தில் அழுத்தினால் துப்பாக்கி சுடவே சுடாது. சுடுவது, ரீலோட், டேஷ் எல்லாம் பீட்டில்தான். அதுவும் ரோக்லைக், செத்தால் முதலிலிருந்து. செட்டிங்ஸில் ஆட்டோ ரிதம் போட்டுக்கொண்டால் இந்தக் கட்டு தளரும், பழகுவதற்கு அது போதும். ஹெல்சிங்கர் (2022) நடுவில்: தப்பாக அழுத்தினாலும் குண்டு போகும், ஆனால் வலு குறையும், தொடர் அறுபடும்.

விஆர் (மெய்நிகர்) ஹெட்செட் இருந்தால் பிஸ்டல் விப் (2019). நேரம் தவறினால் மதிப்பெண் மட்டும்தான் போகும், எதிரி விழுந்துவிடுவான். ஒரு எதிரிக்கு உச்சம் 200: குறிக்கு 100, தாளத்துக்கு 100. முதலில் தாளத்தை மறந்து குனிந்து விலகுவதைப் பழகிவிட்டு, பிறகு அந்த இரண்டாவது நூறைத் தேடிப் போகலாம். ரீலோட் என்பது கையைக் கீழே தொங்கவிடுவது, அவ்வளவுதான். அதையே பீட்டில் செய்தால் உடம்பு தாளத்திலேயே இருக்கும். விஆரிலும் புளூடூத் ஹெட்போன் போடாதீர்கள், ஹெட்செட்டின் சொந்த ஸ்பீக்கரே மேல்.

எல்லாவற்றிலும் இரக்கமானது ரெஸ். 2001-இல் ட்ரீம்காஸ்ட், பிஎஸ்2 கன்சோல்களுக்கு வந்தது, தெத்சுயா மிசுகுச்சியின் குழு செய்தது. இப்போது ஆட ரெஸ் இன்ஃபினிட் (2016) வாங்கினால் போதும், பிசியிலும் இருக்கிறது. இதில் நீங்கள் பீட்டில் அழுத்தவே வேண்டாம். பொத்தானைப் பிடித்துக்கொண்டு எதிரிகள் மேல் குறியை ஓட்டினால் 8 பேர் வரை பூட்டும். விட்டதும் குண்டுகள் கிளம்பும். அவற்றின் ஒலிகளைக் கேமே அருகிலுள்ள தாளக் கட்டத்துக்கு இழுத்து வைத்துவிடும். நீங்கள் எப்போது விட்டாலும் பாட்டோடு பொருந்தும். எட்டு பூட்டி விட்டால் ஒரு வரிசை, மூன்று பூட்டி விட்டால் இன்னொன்று, சுடுவதே வாசிப்பதாகிவிடும். இந்த யோசனை அதற்கும் முந்தியது: 1987-இல் தோஷியோ இவாய் நின்டெண்டோவின் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்குச் செய்த ஓட்டோக்கி என்ற கேமில், சுடும் திசைக்கு ஏற்ப சுரம் ஒலிக்கும், அதுவும் தாளத்தில்.

கடுமையாக இருப்பதுதான் அசல், ரெஸ் மாதிரி கேம் திருத்திக்கொடுப்பது ஏமாற்று என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டும் வேறு வேறு விளையாட்டு. ஒன்றில் நீங்கள் பாட்டுக்குக் கட்டுப்படுகிறீர்கள், மற்றதில் பாட்டு உங்களுக்குக் கட்டுப்படுகிறது.

தட்டாமாலை:

வயர் போட்டதும் கேலிப்ரேஷன் 60-65 பக்கத்துலயே நிக்குது, டிவி கேம் மோட்ல. அதை அப்படியே விடலாமா? பாட்டுக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே.

ஒலிக்கம்பி:

விடலாம். எண் பெரிதா சிறிதா என்பதைவிட அசையாமல் நிற்பதுதான் வேண்டும். டிவியை மாற்றினாலோ கன்ட்ரோலரை மாற்றினாலோ மறுபடி ஓட்டுங்கள். அதன் பிறகும் எல்லா ஷாட்டும் ஒரே பக்கமாக முந்தியோ பிந்தியோ போனால், ஒரு தடவைக்கு 10 மி.செ. மட்டும் நகர்த்தி ஒரு லெவல் முழுக்க ஆடிப் பாருங்கள்.

கீழ்க்காலம்:

சொந்தப் பாட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு விதமாக வேலை செய்யும்.

விண்கப்பலை ஓட்டிச் சுடும் பீட் ஹசார்டில் (ஸ்டீமில் 2010) பாட்டின் சத்தமும் வேகமும்தான் எரிபொருள். நேரம் பார்த்து அழுத்த வேண்டியதில்லை. பாட்டு பொங்கும்போது உங்கள் கப்பலின் குண்டும் பொங்கும், அடங்கும்போது சுருங்கும். பீட் ஹசார்ட் 2-இல் கணினியில் எது ஓடினாலும் அதைக் கேட்டு ஆடலாம், கோப்பு வேண்டாம். வீணையும் குரலும் மட்டும் உள்ள மெல்லிசையைப் போட்டால் துப்பாக்கியும் மெலிந்தே இருக்கும். குத்துப்பாட்டு, பறை, தவில் எல்லாம் அமோகம்.

ரோபோபீட் (2024) உண்மையான தாளச் சுடுதல். சொந்தப் பாட்டைக் கேசட்டாகச் சேர்க்கலாம், ஆனால் பிபிஎம் சரியாக இருக்க வேண்டும். நம் பாட்டுகளில் தகராறு வருவது இங்கேதான்.

முதல் தகராறு, பழைய திரைப்பாடல்கள். வாத்தியக் குழு மொத்தமும் உட்கார்ந்து நேரடியாக வாசித்த பதிவுகளில் வேகம் ஒரே சீராக இருக்காது. சரணத்துக்கு வரும்போது லேசாக ஏறும். கேமின் கட்டம் மாறாது. 100 என்று போட்டு பாட்டு 101-க்கு ஏறிவிட்டால் ஒவ்வொரு பீட்டுக்கும் ஏறக்குறைய 6 மி.செ. விலகும், 20 பீட்டில் 120 மி.செ. அதாவது 12 செகண்டில் உங்கள் ஷாட் வெளியே. சோதிக்க, ஸ்டாப்வாட்சை வைத்துப் பல்லவியில் 64 பீட் எண்ணுங்கள். 3840-ஐ அந்த செகண்டால் வகுத்தால் பிபிஎம். 36.9 செகண்ட் என்றால் 104. கடைசிச் சரணத்திலும் அதையே செய்யுங்கள். 36.2 வந்தால் 106, அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். கணினியில் தாளம் போட்டுச் செய்த பிற்காலப் பாடல்களில் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது.

இரண்டாவது, பீட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை. 6/8-இல் போகும் பாட்டுக்கு, பிபிஎம் கண்டுபிடிக்கும் ஆப்கள் 180, 270 என்று எதையாவது சொல்லும். அது உள்ளே ஓடும் ‘தகிட’வின் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணுகிறது. மூன்றால் வகுத்து 60 அல்லது 90 என்று போடுங்கள். அப்போதும் கேம் அரை பீட்டில் ஏதாவது செய்யச் சொன்னால் அது ‘தகிட’வில் எந்த எழுத்திலும் விழாது, நடுவே தொங்கும். ஒரு பீட்டுக்கு ஒரு குண்டு என்ற ஆயுதங்களோடு மட்டும் ஆடினால் தப்பிக்கலாம். 75-ஆ 150-ஆ என்று இரட்டிப்புக் குழப்பம் வந்தால் இரண்டையும் போட்டு ஆடிப் பாருங்கள். 75-இல் துப்பாக்கி சோம்பல், 150-இல் விரல் நோகும். 100 முதல் 140 வரை உள்ள பாட்டுகளைத் தேடுவது எளிது.

கோப்பின் தொடக்கத்தில் உள்ள வெற்று இடத்தை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் வெட்டி, முதல் பீட்டிலிருந்து தொடங்கவையுங்கள். வெட்டியதை மறுபடி எம்பி3-ஆகச் சேமித்தால் என்கோடரே தலையில் 25 மி.செ. அளவுக்கு மௌனத்தைச் சேர்க்கும். கேம் ஏற்கிற வேறு வடிவம் இருந்தால் அதில் சேமியுங்கள். இல்லையென்றால் பிபிஎம்மைத் தொடாமல் தொடக்கப் புள்ளியை மட்டும் நகர்த்துங்கள். தொடக்கம் தவறினால் பாட்டு முழுக்க ஒரே அளவு விலகும். பிபிஎம் தவறினால் போகப் போகக் கூடும். எது என்று பார்க்க முதல் 10 செகண்டையும் கடைசி 10 செகண்டையும் ஒப்பிட்டால் போதும்.