பின்னேரம் மைதானத்தில் பெண்பிள்ளைகளைக் காணவில்லை, என்ன செய்யலாம்?

உடற்கல்வி ரீச்சர்:
ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி முடிந்ததோடு பெண்பிள்ளைகள் மைதானத்தை மறந்துவிடுவார்கள். பின்னேரத்தில் கிரிக்கெட், உதைபந்து என்று நிற்பதெல்லாம் பெடியள்தான்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளிடம், "நேற்றுப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு உடம்பு வியர்க்க என்ன செய்தீர்கள்?" என்று எழுதச் சொன்னேன். பெடியள் ஓட்டக் கணக்கு, விக்கெட் கணக்கோடு எழுதித் தந்தார்கள். ஒரு பிள்ளை "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தாள். தாளை நீட்டிய கையைப் பார்த்தேன், உள்ளங்கையில் கயிறு இழுத்த தடம். கேட்டால், கத்தரிக் கன்றுகளுக்குக் கிணற்றிலிருந்து இருபது வாளி அள்ளி ஊற்றினாளாம். "அது வேலைதானே ரீச்சர்!" தம்பி அந்த நேரம் பந்து பொறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

இதை எப்படிக் கணக்கெடுப்பது? இவர்களை எப்படி விளையாட்டுக்குக் கொண்டுவருவது?

வவுனியாப் பெடியன்:
மூச்சு வாங்கினால் வாளி இழுப்பதும் கணக்குத்தான். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் இப்படி மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுத் தரவுப்படி, உலகளவில் 11–17 வயதில் அதை எட்டாத பெண்பிள்ளைகள் 85%, பெடியள் 78%. அதுவும் பிள்ளைகளே சொன்ன பதில்களை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் பிள்ளையைப் போல "ஒன்றுமில்லை" என்றவர்கள் அதில் எத்தனை பேரோ! அசைவை அளக்க இடுப்பில் கட்டும் கருவியையும் முழுக்க நம்பவேண்டாம். சைக்கிள் மிதிப்பதை அது சரியாகப் பிடிக்காது, வாளியின் பாரமும் அதற்குத் தெரியாது.

மல்லாவி அம்மா:
கணக்கு இருக்கட்டும் தம்பி. என் மகளுக்கு விளையாட ஆசை இருக்கு. வெள்ளைச் சட்டையோடு எப்படி ஓடுவாள்? உடுப்பு மாற்ற ஓர் அறை இல்லை. மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் கதிரையை விட்டே எழும்ப மாட்டாள். ரியூசன் முடிய ஐந்தரை. பிறகு காட்டுரோட்டில் யானை நிற்கும், நான் விடமாட்டேன். பள்ளிக்கூட நேரத்துக்குள் வையுங்கோ ரீச்சர்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கிளித்தட்டு வையுங்கள் பிள்ளை. பந்தும் வேண்டாம், காசும் வேண்டாம், கோடு கீறினால் போதும். பெண்பிள்ளைகளுக்கென்று தனித் தட்டு கீறுங்கள். இல்லாவிட்டால் பெடியள் வந்து பிடித்துக்கொள்வார்கள்.

உடற்கல்வி ரீச்சர்:
நேற்று இடைவேளையில் சாம்பலால் கோடு போட்டேன். வாளிக்காரிதான் கிளி, கோட்டில் ஓடி மறிப்பவள். மணி அடித்தும் கோட்டை விட்டு வரவில்லை! சாமான் அறையை உடுப்பு மாற்றத் தரச்சொல்லி அதிபரிடம் கேட்டிருக்கிறேன். "பார்ப்போம்" என்றார். திங்கட்கிழமை திறப்புக் கேட்டுப் போய் நிற்பேன்.