சுயசேவை உணவகத்தில் ஒரு பிரெஞ்சு மதிய உணவு

பிரெஞ்சு உணவு என்றாலே வெள்ளைத் துணி விரித்த மேசையும், கேட்டதும் தயங்க வைக்கும் விலையும்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. அதனால் பிரான்ஸுக்கு வரும் உறவினர்கள் பலர் அந்த நாட்டுச் சாப்பாட்டை ஒரு வேளைகூடச் சுவைக்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். இங்குள்ள சாதாரணக் குடும்பத்தாரும், கடை ஊழியர்களும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் மதியத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அறிய விரும்புவோர், பெயர் பெற்ற உணவகங்களைத் தேடும் முன் வணிக வளாகங்களை ஒட்டியிருக்கும் சுயசேவை உணவகம் ஒன்றுக்குள் நுழைய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இவ்வகை உணவகங்களில் பிரான்ஸ் முழுவதும் அறியப்பட்ட பெயர் ஃப்ளன்ச். வடக்கே லீல் நகரை அடுத்த ஆங்லோவில் 1971-இல் அதன் முதல் கிளை திறக்கப்பட்டது. ஓஷான் பேரங்காடிகளை நடத்தும் முல்யே குடும்பத்தின் நிறுவனம் என்பதால், இன்றும் அதன் கிளைகள் பல அந்த அங்காடிகளின் அருகிலேயே இருக்கின்றன. வாரச் சாமான்களை வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு அங்கே சாப்பிடுவது வடபகுதி மக்களுக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்.

என் பெற்றோர் இங்கு வந்திருந்தபோது அவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். நுழைந்ததும் ஆளுக்கொரு டிரேயை எடுத்து, முள்கரண்டியும் கத்தியும் வைத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். குளிர்ந்த முன்னுணவுகள் சிறு தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும்: துருவிய கேரட், மயோனைஸ் ஊற்றிய அவித்த முட்டை, கடுகு மணக்கும் மயோனைஸில் துருவிய செலரிக் கிழங்கைக் கலந்த ரெமூலாட். பாலாடைக்கட்டித் துண்டுகளும், கேரமல் புட்டிங், பழ டார்ட், பாற்குழம்பில் மிதக்கும் முட்டை நுரையான ஈல் ஃப்ளோட்டான்ட் போன்ற இனிப்புகளும் தனியே இருக்கும். சூடான பகுதியில் இறைச்சியையோ மீனையோ கேட்டு வாங்கிக்கொண்டு பணம் செலுத்த வேண்டும். எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் ‘போன்ஜூர்’ சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர்த்துவிட்டு நேராகப் பேசத் தொடங்குவதை இந்நாட்டவர் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வர்.

அப்பா வாங்கிய தட்டில் வறுத்த கோழித் துண்டு ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. “இவ்வளவுதானாப்பா?” என்று அவர் என்னிடம் கேட்டது மொழி புரியாவிட்டாலும் முகத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். பின்னால் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் சிரித்தபடி அவருடைய கையை மெல்லத் தொட்டு, பணம் கட்டும் இடத்திற்கு அப்பால் ஆவி பறந்துகொண்டிருந்த காய்கறிப் பகுதியைச் சுட்டிக்காட்டினார். பிரதான உணவை வாங்கியவர் பீன்ஸ், மசித்த உருளைக்கிழங்கு, சோறு, கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்து வேகவைத்த ராட்டாட்டூய், உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் தாமே எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளன்ச் புகழ்பெற்றதே இதற்காகத்தான். இலையில் கேட்டுக் கேட்டுப் பரிமாறி வளர்ந்த என் தாயாருக்கு அந்தத் தாராளம் மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த மூதாட்டி எங்களுக்கு அடுத்த மேசையில் அமர்ந்து, “போன் அப்பேத்தி” என்று வாழ்த்திவிட்டுத் தம் உணவைத் தொடங்கினார்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் பெரிதாக மதிக்கும் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. டிரேயில் எல்லாம் ஒரே நேரத்தில் இருந்தும் அவர் ஒழுங்கு தவறாமல் சாப்பிட்டார். கேரட்டை முடித்தார், எழுந்து சென்று சூடான காய்களை எடுத்து வந்தார், மீனை உண்டார், பிறகு ரொட்டியோடு கமாம்பேர் என்னும் பாலாடைக்கட்டி, கடைசியில்தான் இனிப்பு. பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது குறிப்பிட்ட முன்னுணவு, பிரதான உணவு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்னும் அதே வரிசை, மேசைக்கு வந்து பரிமாற ஆளில்லாத இந்த எளிய கூடத்திலும் தனியாகச் சாப்பிடும் ஒருவரிடம் குறைவின்றி நிலைத்திருந்தது. சுற்றிலும் பார்த்தேன். சிறு குழந்தைகளுக்கும் தாய்மார் அந்த ஒழுங்கையே பழக்கிக்கொண்டிருந்தார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குச் செல்வோர் பலரிடம் உணவுச் சீட்டு அல்லது அதற்கான அட்டை இருக்கும்; அதன் மதிப்பில் 50 முதல் 60 விழுக்காடு வரை முதலாளியே ஏற்பார் என்பதால் மதிய உணவின் சுமை பாதியாகக் குறைகிறது. குழாய்த் தண்ணீருக்குக் கட்டணம் கிடையாது. இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். முன்பு மாட்டிறைச்சிக்கு மட்டும் இருந்த இந்த விதி, 2022 மார்ச் முதல் கோழி, பன்றி, ஆட்டிறைச்சிக்கும் விரிவாக்கப்பட்டது. மாட்டிறைச்சி ஸ்டேக் கேட்பவரிடம் எந்தப் பதம் வேண்டும் என்று கேட்பார்கள். ‘செஞ்யான்’ என்றால் உள்ளே இரத்தச் சிவப்பாகவே வரும். நம் நாக்குக்குப் பழகியபடி நன்றாக வெந்திருக்க வேண்டுமானால் ‘பியான் க்வி’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த உணவகங்களின் நிலை முன்போல் இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பெருந்தொற்றால் 2020 அக்டோபர் இறுதியில் மூடப்பட்ட உணவகங்களின் உட்கூடங்கள் 2021 ஜூன் வரை திறக்கப்படவில்லை. ஃப்ளன்ச் அந்த ஆண்டில் தன் கிளைகள் பலவற்றை நிரந்தரமாக மூடியது. தனியாக வாழும் முதியவர்கள் நாலு மனிதர் முகம் பார்த்து, சூடாக ஒரு வேளை உண்ணும் இடம் ஓர் ஊரில் இல்லாமல் போவது சிறிய இழப்பு என்று என்னால் எண்ண முடியவில்லை.

சைவ உணவு உண்பவர்களை அழைத்துச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுட்ட கீஷ் லோரேன், மேலே பொன்னிறமாகச் சுட்டெடுக்கும் கிராட்டின்கள் சில, பருப்பு சாலட் ஆகியவற்றில் லார்டோன் எனப்படும் பன்றி இறைச்சித் துணுக்குகள் கலந்திருக்கும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்யப்படும். பார்வைக்குக் காய்கறியாகத் தெரிவதை அப்படியே நம்பிவிடாமல், பரிமாறுமிடத்தில் நிற்பவரிடம் ‘சான் வியாந்த்’, அதாவது இறைச்சி இல்லாததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்காக நான் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டி, எதில் வெண்ணெய் மட்டும் சேர்ந்திருக்கிறது, எதில் இறைச்சி கலந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். பீன்ஸ், சோறு, ராட்டாட்டூய் மூன்றையும் அம்மா மனநிறைவோடு சாப்பிட்டார்.